சுரங்க மாவட்டத்தில் பழகுநருக்கு ஒரு கட்டில்

சுரங்க நிறுவனங்கள் தொழிற்பழகுநர் சேர்க்கைக்கு வெளியிடும் அறிவிப்புகளில் எத்தனை இடம், எந்தப் பிரிவு, கடைசித் தேதி எது என்பதெல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்கும். கடைசிப் பக்கத்தில் பொது நிபந்தனைகளுக்கு நடுவே பெரும்பாலும் இப்படி ஒரு வரி வரும்: தங்குமிடமும் போக்குவரத்தும் நிறுவனத்தால் வழங்கப்படாது, பயிற்சியாளரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பெருநகரத் தொழிற்சாலை என்றால் இந்த வரியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சித்தப்பா வீடோ, ஊர்க்காரப் பையன்கள் சேர்ந்து எடுத்த அறையோ கிடைத்துவிடும். ஒடிசாவின் ஜோடாவிலும், சத்தீஸ்கரின் கிரந்துலிலும், மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலியிலும் யார் பயிற்சியை முடிப்பார், யார் பாதியில் மூட்டை கட்டுவார் என்பதைத் தீர்மானிப்பதில் அந்த வரிக்குப் பெரும் பங்கு உண்டு.

தண்டேவாடா மாவட்டத்தின் பைலாடிலா மலைத்தொடரில் 1968 முதல் தேசியக் கனிம வளர்ச்சிக் கழகம் இரும்புத்தாது எடுத்துவருகிறது. அந்தத் தாதுவை விசாகப்பட்டினம் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் ஜப்பானுக்கு ஏற்றவென்றே கிழக்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து கொத்தவலசையிலிருந்து கிரந்துல் வரை ரயில் பாதை போட்டார்கள். மலையடிவாரத்தில் இருக்கும் கிரந்துல், பச்சேலி இரண்டும் சுரங்கத்தால் பிறந்த ஊர்கள். நிரந்தர ஊழியருக்கு அங்கே குவார்ட்டர்ஸ், மருத்துவமனை, பள்ளி எல்லாம் உண்டு. அந்த வட்டத்துக்கு வெளியே வாடகைக்குக் கிடைக்கும் அறைகளுக்கு ஒப்பந்ததாரரின் ஆட்களும் லாரி ஓட்டுநர்களும் போட்டி போடுகிறார்கள். சுரங்க ஊர்களில் வாடகை வீட்டுச் சந்தை எங்கும் இப்படித்தான். இருப்பதே கொஞ்சம், அதையும் கையில் காசு அதிகம் உள்ளவர் எடுத்துக்கொள்வார். அந்த வரிசையில் கடைசி ஆள் பழகுநர்.

அவர் கையில் இருப்பது எவ்வளவு? 2019-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி ஐ.டி.ஐ. முடித்த பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய், டிப்ளமோ படித்தவருக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இந்தத் தொகைகளை 36 விழுக்காடு உயர்த்தலாம் என்று 2025 மே மாதம் மத்தியத் தொழிற்பழகுநர் கவுன்சில் பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரை. ஆனால் மெஸ்ஸில் ஒரு நாள் சாப்பாட்டுக்கு நூறு ரூபாய் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் ஏழாயிரத்தில் மூவாயிரம் வயிற்றுக்கே போய்விடுகிறது. மிச்சத்தில் அறை வாடகை, ஷிப்டுக்குப் போகவர ஷேர் ஆட்டோ, போன் ரீசார்ஜ், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஊர்ப் பயணம். வீட்டிலிருந்து பணம் அனுப்பக்கூடிய குடும்பத்துப் பையன் தாக்குப்பிடிப்பான். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பையன் நாலைந்து மாதத்தில் கட்டட வேலைக்குப் போய்விடுவான். அங்கே தினக்கூலி கையில் கிடைக்கும், படுக்க ஒப்பந்ததாரர் ஒரு தகரக் கொட்டகையாவது போட்டுக்கொடுப்பார்.

இந்த இளைஞர்களைச் சட்டம் விட்டு வைத்திருக்கும் இடம் விநோதமானது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, பழகுநர் என்பவர் பயிற்சியாளர், தொழிலாளி அல்லர் என்று தெளிவாகச் சொல்கிறது. ஆகவே தொழிலாளிக்கு உரிய குவார்ட்டர்ஸ் அவருக்கு இல்லை. அதே சட்டத்தின் 14-ஆவது பிரிவு, சுரங்கத்தில் பயிற்சி பெறுபவருக்குச் சுரங்கச் சட்டத்தின் உடல்நலம், பாதுகாப்பு குறித்த விதிகள் பொருந்தும் என்கிறது. 16-ஆவது பிரிவு, பயிற்சியின்போது காயம் பட்டால் தொழிலாளிக்குப்போல் இழப்பீடு தரச் சொல்கிறது. குடிநீரும் கழிப்பறையும் கேட்கும்போது தொழிலாளிக்குச் சமம், கை நசுங்கினால் தொழிலாளிக்குச் சமம், இரவு எங்கே படுப்பது என்று கேட்டால் மட்டும் யாரோ ஒருவர்.

மாணவர் என்ற கணக்கிலும் அவர் வருவதில்லை. பழங்குடி, பட்டியலின மாணவர்களுக்கு அரசு விடுதிகள் உண்டு. ஐ.டி.ஐ. சேரும் பெண்களுக்கு விடுதிச் செலவையும் அரசே ஏற்கும் ‘சுதக்ஷ்யா’ என்ற திட்டத்தை ஒடிசா கொண்டுவந்தது. அந்தத் திட்டத்தை மனதாரப் பாராட்ட வேண்டும். ஆனால் ஐ.டி.ஐ. சான்றிதழை வாங்கிய மறுநாள் அந்தப் பெண் விடுதியைக் காலி செய்ய வேண்டும். அதற்கு அடுத்த கட்டமான பழகுநர் பயிற்சிக்குச் சுரங்கத்துக்குப் போகும்போது அவருக்கு விடுதி இல்லை. வகுப்பறையில் இருந்தவரை தலைக்கு மேல் கூரை கொடுத்த அரசு, நிஜமான இயந்திரத்தின் முன்னால் போய் நிற்கும் ஆண்டில் கையை விட்டுவிடுகிறது.

‘சுரங்கம் இருக்கும் மாவட்டத்துப் பிள்ளைகள்தானே, வீட்டிலிருந்து போய் வரட்டும்’ என்று அதிகாரிகள் தரப்பில் சொல்லப்படுவதுண்டு. வரைபடத்தைப் பார்க்காதவர்களின் பேச்சு இது. ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்தின் பரப்பு சுமார் 8,300 சதுர கிலோமீட்டர். நம் ஊர்க் கணக்கில் இரண்டு மாவட்டங்களைச் சேர்த்துப் போட்ட அளவு. தாது கிடைப்பது வடக்கே ஜோடா, பார்பில் பக்கம். ஜுவாங் பழங்குடியினர் வாழும் கோனாசிகா மலைக் கிராமங்கள் வேறொரு மூலையில். அங்கிருந்து காலை ஆறு மணி ஷிப்டுக்கு வந்து நிற்கப் பேருந்து கிடையாது. இரவு பத்து மணிக்கு இறங்கினால் திரும்பிப் போகவும் வழி கிடையாது. காகிதத்தில் அவர் உள்ளூர்க்காரர். நடைமுறையில் பீகாரிலிருந்தோ ஆந்திராவிலிருந்தோ வந்தவரைப் போலவே அவருக்கும் ஒரு கட்டில் தேவை. இது கிடைக்காததால்தான் சுரங்க மாவட்டங்களில் ஒரு நியாயமான கோபம் ஊறிக்கொண்டே இருக்கிறது. நிலம் போனது எங்களுக்கு, புழுதி எங்களுக்கு, வேலை மட்டும் வெளியூர்க்காரருக்கு என்ற கோபம் அது. இட ஒதுக்கீடு, உள்ளூர் முன்னுரிமை என்று எத்தனை ஆணை போட்டாலும், பயிற்சியை முடிக்க முடியாதவருக்கு அந்த ஆணைகளால் பயன் இல்லை.

பயிற்சியைத் தவிர்த்துவிட்டும் முன்னேற முடியாது. சுரங்கத் துறையில் டிப்ளமோ படித்தவர் ஓராண்டு நடைமுறைப் பயிற்சி பெற்றாக வேண்டும். அதற்குப் பிறகே தன்பாத்தில் தலைமையகம் உள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் ஓவர்மேன் சான்றிதழை நோக்கிப் போக முடியும். அந்த ஓராண்டைச் சுரங்கத்தில்தான் கழிக்க வேண்டும், சுரங்கமோ பூமி எங்கே வைத்திருக்கிறதோ அங்கேதான் இருக்கும். மென்பொருள் நிறுவனத்தைப்போல ஊருக்குப் பக்கத்தில் கிளை திறக்கச் சொல்ல முடியாது.

பெண்களுக்கு இது இன்னும் கூர்மையான பிரச்சினை. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் நிலத்தடிச் சுரங்கத்தில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று தடுத்திருந்தது. 2019 ஜனவரியில் மத்திய அரசு விலக்கு அளித்தது. எழுத்துபூர்வமான சம்மதத்தோடு, போதிய பாதுகாப்போடு, திறந்தவெளிச் சுரங்கங்களில் இரவிலும், நிலத்தடியில் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளிலும் பெண்களை அமர்த்தலாம் என்றானது. ஒரே நேரத்தில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை. அறுபத்தேழு ஆண்டுத் தடை விலகியது பெரிய செய்தி. ஆனால் இருபது வயதுப் பெண்ணை லாரிகளும் ஒப்பந்த முகாம்களும் சூழ்ந்த ஊரில் தனி அறை எடுத்துத் தங்க எந்தத் தாய் தந்தை அனுப்புவார்கள்? அறிவிக்கை திறந்த கதவை ஒரு விடுதி இல்லாமை மூடி வைத்திருக்கிறது.

கனிமத்தின் பணத்தில் சுரங்கத் தொழிலாளிக்கு வீடு கட்டித் தருவது நமக்குப் புதிய யோசனை இல்லை. சுதந்திரம் பெற்ற 1947-ஆம் ஆண்டிலேயே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. நிலக்கரிக்கு விதித்த தீர்வையிலிருந்து வீடும் மருத்துவமனையும் கட்டுவதே நோக்கம். ஜரியா, ராணிகஞ்ச் பகுதிகளில் ‘தௌரா’ என்று அழைக்கப்பட்ட வரிசைக் கொட்டடிகளில் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்தவர்களைப் பார்த்த பிறகு எழுதப்பட்ட சட்டம் அது. 1976-ல் இரும்பு, மாங்கனீசு, குரோமியத் தாதுச் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் அப்படி ஒரு நிதி ஏற்பட்டது. ஜி.எஸ்.டி. வருவதை ஒட்டி இத்தகைய தீர்வைகள் நீக்கப்பட்டன. ஆனால் சுரங்கம் தோண்டுபவன் படுக்க இடம் கொடுப்பது அரசின் கடமை என்ற எண்ணம் அரை நூற்றாண்டுக்கு மேல் நம் சட்டப் புத்தகத்தில் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சுரங்கம் என்றதும் தமிழர் நெஞ்சில் எழுவது கோலார் தங்கவயல். வட ஆர்க்காடு, சேலம் சீமைகளிலிருந்து போன கூலிக் குடும்பங்கள் அங்கே ‘லைன்’ வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. சுரங்கத்துக்காக 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஆனால் குடும்பத்துக்கு ஓர் ஒற்றை அறையில்தான் தொழிலாளிகளின் வாழ்க்கை நடந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டதும், அந்த ஒற்றை அறை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி கிளம்பி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. வேலை போன அன்றே வீடும் ஆட்டம் கண்டது. பழகுநருக்கு விடுதி கட்டுவதை நிறுவனங்களின் தலையிலேயே கட்டிவிடலாமே என்று சொல்பவர்களுக்கு நான் தங்கவயலைத்தான் காட்டுவேன். கட்டிலும் கூலியும் ஒரே கையில் இருந்தால், கூலியைப் பற்றி வாய் திறக்க ஒருவனுக்குத் தைரியம் வராது. மேற்பார்வையாளர் மோசமானவராக இருந்தால் பயிற்சி இடத்தை மாற்றிக்கொள்ளக்கூட முடியாது. நிறுவனங்கள் பணம் கொடுக்கட்டும். சாவி வேறொருவர் கையில் இருக்கட்டும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டுமானதல்ல. ஆஸ்திரேலியாவின் பில்பரா, உலகின் இரும்புத்தாது வணிகத்துக்கே தலைநகரம் மாதிரி. ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் செம்மண் நிலத்தில் சுமார் அறுபதாயிரம் பேர் வசிக்கிறார்கள். தாது ஏற்றுமதிக்கு இருந்த தடை 1960-ல் தளர்ந்ததும் நிறுவனங்களே டாம்பியர், டாம் பிரைஸ், நியூமன் என்று ஊர்களைக் கட்டின. கோல்ட்ஸ்வொர்தி என்ற ஊர், தாது தீர்ந்த பிறகு 1990-களின் தொடக்கத்தில் அடையாளம் இல்லாமல் இடிக்கப்பட்டது. பிறகு ஊர் கட்டுவதை நிறுவனங்கள் குறைத்துக்கொண்டு, பெர்த்திலிருந்து ஆட்களை விமானத்தில் அழைத்துவந்து முகாமில் தங்கவைத்துத் திருப்பி அனுப்பத் தொடங்கின. 2012 வாக்கில் தாது விலை உச்சத்துக்குப் போனபோது போர்ட் ஹெட்லண்டிலும் கராத்தாவிலும் ஒரு வீட்டு வாடகை வாரத்துக்கு 2,000 டாலரைத் தொட்டது, தாண்டியும் போனது. அந்த நாட்டில் முதலாண்டுப் பழகுநரின் கூலி, தேர்ந்த தொழிலாளியின் கூலியில் ஏறத்தாழ பாதி. வீட்டை விட்டு வந்து பழகுபவருக்கு மத்திய அரசு கொடுத்த படி முதல் ஆண்டில் வாரத்துக்கு 77 டாலர் 17 செண்ட். அது 120 டாலராக உயர்ந்தது 2025 ஜூலையில்தான். பணக்கார நாடு என்பதால் பழகுநர் தப்பித்துவிடவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். சுரங்கம் கொழிக்கும் ஊரில் ரொட்டிக் கடைக்காரருக்கும் கார் பட்டறைக்காரருக்கும் பழக ஆள் கிடைக்காமல் போனது. சந்தை இதைச் சரிசெய்யும் என்று காத்திருந்தவர்களுக்குச் சந்தை கொடுத்த பதில் அதுதான்.

மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2008 தேர்தலுக்குப் பின் ஒரு முடிவெடுத்தது. சுரங்க ராயல்டியில் 25 விழுக்காட்டுக்கு இணையான தொகை பெர்த்துக்கு வெளியே உள்ள பகுதிகளுக்கே செலவிடப்பட வேண்டும் என்று 2009-ல் சட்டம் போட்டது. அந்த நிதியின் துணையோடு, சுரங்கச் சம்பளம் வாங்காத சாதாரண வேலைக்காரர்களுக்காக வீடுகள் எழுந்தன. தெற்கு ஹெட்லண்டில் ஆஸ்ப்ரே என்ற குடியிருப்பு 293 வீடுகள் கொண்டது. குறையும் உண்டு. கட்டி முடிக்கும் நேரத்தில் தாது விலை சரிந்தது, வாடகை பாதிக்கும் கீழே விழுந்தது. உச்சத்தின் சூட்டில் கட்டினால் சரிவில் காலி வீடுகள் மிஞ்சும் அபாயம் உண்டு என்பது அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது. பழகுநர் விடுதிக்கு அந்த அபாயம் குறைவு. தாது விலை எப்படி இருந்தாலும், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் குறைந்தது 2.5 விழுக்காடு பழகுநர்களை வைத்தாக வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஆண்டுக்கு ஆண்டு புதிதாக ஆள் வருவது உறுதி.

நமக்குப் பணமும் இருக்கிறது, அதற்கென்று பெட்டியும் இருக்கிறது. 2015-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, சுரங்கம் உள்ள மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்கப்பட்டது. பழைய குத்தகைதாரர்கள் ராயல்டியில் 30 விழுக்காடும், ஏலத்தில் எடுத்தவர்கள் 10 விழுக்காடும் அதில் கட்ட வேண்டும். நாடு முழுவதும் இதுவரை சேர்ந்த தொகை ஒரு லட்சம் கோடி ரூபாயை ஒட்டியது. ஒடிசா முன்னணியில். கியோஞ்சர் ஒரு மாவட்டமே பல ஆயிரம் கோடி கண்டிருக்கிறது.

ஒரு கட்டிலுக்கு என்ன செலவாகும் என்று மலைக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பைத் திறந்தது. செலவு 706 கோடியே 50 லட்சம். வகுத்துப் பார்த்தால் தலைக்கு நான்கு லட்சத்துக்கும் குறைவு. சுரங்க மாவட்டத்தில் பொருள் கொண்டுபோகும் செலவு கூடும் என்று நான்கு லட்சமாகவே வைத்துக்கொண்டாலும் நூறு கோடிக்கு 2,500 பேர் தங்கலாம். கைபேசித் தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும் என்றதும் அரசுக்கு இது சாத்தியமானது. நாட்டுக்கு நிலக்கரியும் எஃகும் வேண்டும் என்கிறபோதும் சாத்தியமாக வேண்டும்.

கனிம அறக்கட்டளைப் பணத்தில் கட்டடங்கள் எழுந்து ஆளில்லாமல் கிடக்கும் கதைகள் எனக்கும் தெரியும். சத்தீஸ்கரில் இந்த நிதியில் நடந்ததாகச் சொல்லப்படும் முறைகேடுகளை அமலாக்கத் துறை விசாரித்துவருகிறது. அதனால்தான் மாதிரி வரைபடத்தை வைத்துக்கொண்டு கட்டடம் எழுப்பிவிட்டு நாடா வெட்டும் வேலையாக இது ஆகிவிடக் கூடாது என்கிறேன். விடுதியில் யார் தூங்கப் போகிறார் என்பதிலிருந்து திட்டம் தொடங்க வேண்டும். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று மூன்று ஷிப்ட். அறைக்கு ஆறு கட்டில் போட்டு மூன்று ஷிப்ட் ஆட்களையும் கலந்து படுக்கவைத்தால், இரவு வேலை முடித்து வந்தவர் பகலில் கண்ணயர முடியாது. தூக்கம் கெட்டவர் டம்பரின் பக்கத்தில் நிற்பது ஆபத்து. ஷிப்ட் வாரியாக அறை பிரிக்க வேண்டும், பகலில் வெளிச்சத்தை மறைக்கத் தடித்த திரை வேண்டும், அதிகாலை ஐந்துக்கும் இரவு பதினொன்றுக்கும் சோறு கிடைக்கும் மெஸ் வேண்டும். இரும்புத்தாதுப் புழுதி துணியில் ஏறினால் லேசில் போகாது. அறைக்குள் நுழையும் முன்பே கைகால் கழுவவும், வேலை உடுப்பைத் தனியே மாட்டவும், துவைக்கவும் இடம் வேண்டும். இவை கட்டடச் செலவில் சிறு பங்கு. வரைபடம் போடும்போது மறந்தால் பிறகு எந்த நாளும் சேர்க்க முடியாதவை.

பெண்களுக்குத் தனி விடுதி என்றால், ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கிடைத்த புறம்போக்கில் கட்டக் கூடாது. பேருந்து நிற்கும் இடத்தில், கடைத்தெருவுக்கு நடந்து போகும் தூரத்தில், ஷிப்ட் பேருந்து வாசல் வரை வரும்படி இருக்க வேண்டும். சுரங்கப் பழகுநர்களுக்கு மட்டும் என்று கதவை அடைக்கவும் வேண்டாம். அதே ஊரின் மருத்துவமனையில் செவிலியப் பயிற்சி பெறும் பெண்ணுக்கும், லாரிப் பட்டறையில் வேலை பழகும் பையனுக்கும் இடம் இருக்கட்டும். வாடகை உதவித்தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பயிற்சி முடிந்ததும் அன்றே வெளியேறச் சொல்லாமல் மூன்று மாதம் அவகாசம் கொடுத்தால், சான்றிதழோடு வேலை தேட நிம்மதியான காலம் கிடைக்கும். பராமரிப்புக்கும் வழி இருக்கிறது. ஆண்டுக்குப் பத்துக் கோடியோ அதற்கு மேலோ வசூலாகும் மாவட்டங்கள் பத்து விழுக்காடு வரை தனி மூலதன நிதியாக ஒதுக்கலாம் என்கிறது கனிம அறக்கட்டளைகளுக்கான 2024-ஆம் ஆண்டின் வழிகாட்டுதல். அதன் வட்டியில் காவலாளிக்கும் சமையல்காரருக்கும் சம்பளம் கொடுக்கலாம்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. நிதியில் குறைந்தது 70 விழுக்காட்டை முன்னுரிமைத் துறைகளுக்குச் செலவிட வேண்டும் என்று சொல்லும் அதே வழிகாட்டுதலில், அந்தத் துறைகளின் பட்டியலில் திறன் மேம்பாடும் இருக்கிறது, வீட்டு வசதியும் இருக்கிறது. சுரங்கத்தைச் சுற்றி 15 கிலோமீட்டர் நேரடிப் பாதிப்புப் பகுதி. விடுதி எழ வேண்டிய இடமும் அதற்குள்தான். அறக்கட்டளையின் தலைவர் மாவட்ட ஆட்சியர், அவையில் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் அமர்கிறார்கள். ஆண்டுத் திட்டத்தில் ஒரு பத்தி எழுதி நிறைவேற்ற அவர்களுக்கு முழு அதிகாரம் உண்டு. வரும் நிதியாண்டின் திட்டத்திலேயே அதை எழுதுங்கள்.